நாற்பத்தொரு வீட்டில் தொய்வு

சிவலட்சுமிக்கு ஏழு வயதில் தொய்வு வந்தது. நாற்பத்தெட்டு வயதுவரை அது போகவில்லை. டொக்டர்மார் ஆஸ்மா என்று சொல்வதைத்தான் இலுப்பைக்கடவைப் பக்கம் நாங்கள் தொய்வு என்கிறோம். அவள் என்னைவிட நான்கு வயது இளையவள், அடுத்த வளவுக்காரி. எங்களுக்கு நடுவில் இருந்த வேலி ஒருநாளும் வேலியாக இருந்ததில்லை என்பதால் அவள் மூச்சு இழுக்கும் சத்தம் எங்கள் குசினிவரை கேட்கும். சின்ன வயதில் அந்தச் சத்தம் கூடினால் மழை வரப்போகிறது என்று என் அம்மா கொடியில் கிடக்கிற உடுப்பை எடுப்பார். அதைச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம். இப்போது நினைத்தால் எங்கள் எல்லோருக்கும் நாலு அடி போட்டிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

அந்தக் காலத்தில் அவளுக்குச் செய்யாத வைத்தியம் இல்லை. ஆடாதோடை, தூதுவளை, மிளகு, கோயில் நூல், பிறகு வெள்ளைக் குளிசை. எல்லாவற்றுக்கும் மேலாக வாய்க்கட்டு. நண்டு கூடாது, கணவாய் கூடாது, கத்தரிக்காய் கூடாது, முட்டை கூடாது. கடற்கரையை ஒட்டி வீடு, ஊரே நண்டு உடைத்துக்கொண்டு இருக்கும்போது இவள் பருப்போடு சோறு தின்பாள். வாய்க்கு ருசியானதெல்லாம் நெஞ்சுக்கு ஆகாது என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்.

சீவரத்தினம் அவளைக் கட்டியபோது ஊரில் பலர் வாயைப் பொத்திக்கொண்டு பேசினார்கள். அவர் நல்ல மனிதர். இரண்டு ஏக்கர் வயல், கதை பேச்சுக் குறைவு. தொய்வுக்காரி நெல் தூற்றக்கூடாது என்று அவர் ஒவ்வொரு வருடமும் சொல்வார். அவள் ஒவ்வொரு வருடமும் முகத்தில் சீலைத் துண்டைக் கட்டிக்கொண்டு தூற்றுவாள். இரண்டு ஏக்கர்காரன் வீட்டில் ஒருத்தி கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் அறுப்பு நடக்காது. ஒரேயொரு பிள்ளை, டிலக்சனா. இன்னொன்று வேண்டாம் என்று ஆசுபத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

இரண்டாயிரத்து எட்டில் சண்டை நெருங்கி எல்லோரும் ஓடினோம். அந்த ஓட்டத்தை எழுத எனக்கு விருப்பம் இல்லை. பதுங்குகுழிக்குள் நாங்கள் ஷெல்லுக்குப் பயந்திருந்தோம், அவள் மூச்சுக்குப் பயந்திருந்தாள் என்பதை மட்டும் சொல்கிறேன். குழிக்குள் காற்று இல்லை, வெளியில் வர ஏலாது. பிறகு செட்டிகுளம் முகாம். அந்தச் செம்மண் புழுதியில் அவள் இருந்தபடியே நித்திரை கொண்டாள். படுத்தால் அடைத்துவிடும். பக்கத்துக் கூடாரத்துச் சனம் தங்களுக்குக் கிடைத்த தண்ணீரில் ஒரு போத்தல் கொடுத்து அவள் இருக்கிற இடத்துக்குத் தெளிக்கச் சொல்லும். அந்தக் கடனை அவள் மறக்கவே இல்லை.

இரண்டாயிரத்துப் பத்தில் திரும்பி வந்தோம். ஊர் இருந்த இடத்தில் காடு இருந்தது. நாற்பத்துநான்கு குடும்பம் காட்டை வெட்டித் தறப்பாள் கூடாரத்துக்குள் குடியேறினோம். அதற்குப் பிறகு எங்கள் சீவியம் பதிவுதான். யார் வந்தாலும் கையில் நிரப்புகிற ஒரு போம் இருக்கும். பதிந்தால் தகரம், பதிந்தால் மண்வெட்டி, பதிந்தால் ஐந்து கோழிக்குஞ்சு. வீட்டுத்திட்டம் வந்தபோது புள்ளி போட்டார்கள். விதவை இருந்தால் புள்ளி, ஊனம் இருந்தால் புள்ளி, தீராத வருத்தம் இருந்தால் புள்ளி. சுகமாய் இருந்த வீட்டுக்காரன் மழையில் நனைந்தான். அந்தப் படிப்பை நாங்கள் பள்ளிக்கூடம் போகாமலே படித்துவிட்டோம். வருத்தம் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் படித்தோம். வாய்க்காலுக்கு மேல் இருந்த மதகு உடைந்து கிடந்தது. கிராம அலுவலர் ஜீ.எஸ்ஸிடம் ஒவ்வொருவராய்ப் போய்ச் சொன்னபோது ஒன்றும் நடக்கவில்லை. நாற்பது வீட்டுக் கையெழுத்தோடு பிரதேச செயலகக் கந்தோருக்குப் போனபோது மூன்று மாதத்தில் கட்டினார்கள். நான் அப்போது மாதர் சங்கத்தின் செயலாளர். கையெழுத்து வாங்கியது நான். அந்தப் பெருமை தலைக்கேறி இருந்ததை ஒளிக்கத் தேவையில்லை.

சிவலட்சுமியின் தொய்வு திரும்பி வந்த பிறகு கூடியது. பற்றை எரிக்கிற புகை, வைக்கோல் எரிக்கிற புகை, அடுப்புப் புகை, போதாததற்கு அறுவடை மெசின் வந்து முழு வயலையும் புழுதியாய் எங்கள் வாசலில் கொட்டியது. அவள் சட்டைக்குள் எப்போதும் ஒரு நீலப் பம்ப் இருக்கும். இழுத்தால் அதை வாயில் வைத்து அடிப்பாள், கொஞ்ச நேரத்தில் எழும்பி வேலைக்குப் போவாள். வருடத்தில் நாலைந்து தரம் பம்ப் கேட்காமல் போகும். சீவரத்தினம் மோட்டார் சைக்கிளில் அவளைத் தன் முதுகோடு சேர்த்துச் சீலையால் கட்டி ஆசுபத்திரிக்குக் கொண்டு ஓடுவார். அங்கே முகமூடி போட்டு மருந்தாவி பிடிப்பார்கள். பின்னேரம் சிரித்துக்கொண்டு வருவாள். “இண்டைக்கும் என்னை வேண்டாமெண்டு திருப்பி விட்டிட்டாங்கள் அருளக்கா” என்பாள்.

இரண்டாயிரத்துப் பதினெட்டு வைகாசியில் டொக்டர் அபிசா வந்தார். பல்கலைக்கழகத்தில் இருந்து வந்த இளம் பிள்ளை, முப்பது வயது இருக்கும். தொய்வுக்காரரைத் தேடி ஊர் ஊராய்ப் போகிறார் என்று ஆசுபத்திரியில் சொன்னார்கள். சிவலட்சுமியைப் பற்றிக் கேள்விப்பட்டு நேரே அவள் வீட்டுக்கே வந்தார். முன்கையில் சொட்டுச் சொட்டாய் மருந்து விட்டு ஊசிமுனையால் தொட்டுவிட்டு, கால்மணித்தியாலம் பார்த்துக்கொண்டு இருந்தார். சில இடம் நுளம்பு கடித்தது மாதிரித் தடித்தது, சில இடம் சும்மா இருந்தது.

“அம்மா, வீட்டுத் தூசிக்குள்ளை கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி இருக்கு, அது உங்களுக்கு ஆகாது. வைக்கல் பூஞ்சணம் ஆகாது. நண்டுக்கு ஒண்டும் இல்லை.”

“நண்டுக்கு இல்லையோ?”

“இல்லை. நீங்கள் தாராளமாச் சாப்பிடலாம்.”

நாற்பது வருடம் நண்டு தின்னாதவள் வாயைத் திறந்தபடி இருந்தாள். பிறகு ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். யாரைத் திட்டினாள் என்று தெரியாது, நாங்கள் எல்லோரும் சிரித்தோம், டொக்டரும் சிரித்தார்.

அதற்குப் பிறகு டொக்டர் நீலப் பம்பை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு ஆறுதலாய் விளங்கப்படுத்தினார். “இது மூடின கதவை ஒருக்காத் திறந்து விடும், அவ்வளவுதான். உள்ளுக்கு மூச்சுக்குழாய் வீங்கிக் கிடக்கு. அந்த வீக்கத்தை இது ஆத்தாது. நீலத்தை மட்டும் நம்பி இருக்கிற ஆக்களுக்குத்தான் ஆபத்துக் கூட எண்டு இப்ப ஆராய்ச்சியளிலை கண்டிருக்கினம்.”

“மண்ணிறப் பம்பும் ஒருக்காத் தந்தவை டொக்டர். அதை அடிச்சால் ஒரு சுகமும் தெரியேல்லை. விட்டிட்டன்.”

“எல்லாரும் அப்பிடித்தான் விடினம். அதுதான் வீக்கத்துக்கு மருந்து, ஆனால் வீக்கம் மெல்ல மெல்லத்தான் வத்தும். அதுதான் இப்ப ரெண்டு மருந்தையும் ஒரே பம்பிலை சேர்த்திருக்கினம். இழுக்கேக்கை அதை அடிச்சால் கதவும் திறக்கும், வீக்கமும் குறையும். அதை எங்கட ஊர்களிலை ஒரு வருசம் குடுத்துப் பாக்கப் போறம். உங்கட ஊர் தெரிவானால் மாசத்துக்கு ஒருக்கா நாங்களே முன்பள்ளிக்கு வருவம். நீங்கள் பஸ் ஏறத் தேவையில்லை.”

எந்த ஊர் என்று முடிவெடுக்க வீடு வீடாய்க் கணக்கெடுப்பு நடக்கும் என்றார். ஒரு குழாய்க்குள் அவளை ஊதச் சொன்னார். முள் கொஞ்சத் தூரம் போய் நின்றது. இந்த வயதுக்கு இதைப்போல் இரண்டு மடங்கு போக வேண்டும் என்றார். “இது உங்களுக்காகவே செய்யிற ஆய்வு அம்மா. கணக்கெடுக்கிற பிள்ளையள் வந்து கேக்கேக்கை உள்ளதை உள்ளபடி சொல்லுங்கோ.”

அன்றைக்கு அவள் நண்டு வாங்கிக் குழம்பு வைத்து எங்கள் வீட்டுக்கும் ஒரு கோப்பை அனுப்பினாள். அவ்வளவு சந்தோசமாய் நான் அவளைக் கண்டதில்லை. படுத்து நித்திரை கொள்ளலாம், டிலக்சனாவின் கலியாணத்துக்கு முழு நாளும் நின்று வேலை செய்யலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கேட்கக் கேட்க எனக்குள்ளும் ஆசை வளர்ந்தது. ஆனால் என் ஆசை வேறு வழியில் வளர்ந்தது.

எங்கள் ஊரில் உண்மையாய்த் தொய்வு இருந்தது அவளுக்கு மட்டும்தான். ஒருத்திக்காக ஊரைத் தெரிவார்களா? ஒரு கையெழுத்துக்கு மதகு கட்டினார்களா? அதோடு, கணக்கெடுப்பில் அடுப்புப் புகை பற்றியும் கேட்பார்கள் என்று தெரிந்ததும், தொய்வு உள்ள வீட்டுக்குக் காஸ் அடுப்புக் கொடுக்கப் போகிறார்கள் என்று ஒரு கதை கிளம்பியது. யார் கிளப்பியது என்று தெரியாது. நான் அதை மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முன்பள்ளியில் மாதர் சங்கக் கூட்டம் வைத்தேன்.

சிவலட்சுமியை முன்னுக்குக் கதிரை போட்டு இருத்தி, “பிள்ளை, தொய்வு எப்பிடி இருக்குமெண்டு இவைக்குச் சொல்லிக் குடு” என்றேன்.

அவள் ஒருகணம் என்னைப் பார்த்தாள். “டொக்டர் உள்ளதைச் சொல்லச் சொன்னவ, அக்கா.”

“நீ ஒராள் எண்டால் கண்ணுக்குத் தெரியாதடி. ஊரா நிண்டால்தான் வருவினம். உனக்குத்தான் சொல்லுறன்.”

அவள் யோசித்தாள். அங்கே இருந்தவர்கள் முகாமில் தண்ணீர் கொடுத்தவர்கள், சீவரத்தினம் வயலில் நின்றபோது அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள். அவளிடம் திருப்பிக் கொடுக்க எப்போதும் ஒன்றும் இருந்ததில்லை. வருத்தம் ஒன்றுதான் இருந்தது. அதைக் கேட்கிறார்கள் என்றதும் அவள் முகம் மலர்ந்ததை நான் கண்டேன்.

“சரி, கேளுங்கோ. தொய்வு எண்டால் சும்மா இருமுறது இல்லை. காத்து உள்ளுக்குப் போயிடும், வெளியிலை விடுறதுதான் பாடு. விடியப்பறம் கூடும். படுக்க ஏலாது. நெஞ்சுக்கு மேலை ஒரு நெல்லு மூட்டையை வைச்சு, அதுக்கு மேலை ஒராள் குந்தி இருக்கிற மாதிரி இருக்கும். கேட்டால் அப்பிடிச் சொல்லுங்கோ.”

ஒவ்வொருத்தியாய்ச் சொல்லிப் பார்த்தார்கள். பிழை விட்டவர்களை அவள் திருத்தினாள். தோளைத் தூக்கி மூச்சு விடுவது எப்படி என்று செய்து காட்டினாள். பார்த்துச் செய்யப் போய் எல்லோரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சிரித்ததில் அவளுக்கு உண்மையாகவே இழுக்கத் தொடங்கி, பம்பை எடுத்து இரண்டு தரம் அடித்தாள். அதற்கும் சிரித்தோம்.

அடுத்த கிழமை இரண்டு பல்கலைக்கழகப் பிள்ளைகள் டப் கணினியோடு வந்து வீடு வீடாய்க் கேட்டார்கள். எங்கள் வீட்டில் ஒருவருக்குத் தடிமன்கூட இல்லை. மூத்தவனுக்குத் தொய்வு என்று பதிந்தேன், நெல்லு மூட்டையும் சொன்னேன். கரைப் பக்கத்து லோறன்ஸ் ஒரு மூச்சில் கடலடியைத் தொட்டு வருகிற மனிதர், வயல் பக்கமே போகாதவர். அவரும் தன் நெஞ்சுக்கு மேல் நெல்லு மூட்டை இருக்கிறது என்றார். கணக்கெடுத்த பிள்ளைகள் முகத்தில் ஒன்றையும் காட்டாமல் பதிந்துகொண்டு போனார்கள்.

இரண்டு மாதம் ஒரு சத்தமும் இல்லை. ஆவணியில் டொக்டர் அபிசா தனியாக வந்தார். முன்பள்ளியில் என்னையும் சிவலட்சுமியையும் கூப்பிட்டு இருத்திவிட்டு, ஒரு கடதாசியை எடுத்து வைத்தார்.

“நாப்பத்துநாலு வீட்டிலை நாப்பத்தொரு வீட்டிலை ஆஸ்மா எண்டு பதிவு. உலகத்திலை எங்கையும் இப்பிடி இல்லை அக்கா. பத்துப் பேருக்கு ஒராள் எண்டாலே அது கூட. முப்பத்தாறு வீட்டிலை ஒரே வசனம்.” கடதாசியைப் பார்த்து அந்த வசனத்தை வாசித்தார். நெல்லு மூட்டை, குந்தி இருக்கிற ஆள், ஒன்றும் தப்பவில்லை.

டொக்டர் கடதாசியை மடித்தார்.

“பொய்க் கணக்கு உள்ள ஊரை வைச்சால் முழு ஆய்வும் பிழைச்சுப் போகும் எண்டு மேலை இருக்கிறவை இந்த ஊரை விலக்கிட்டினம். வேறை ஊர் போட்டாச்சு. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தன்.”

“பிள்ளை, இவளுக்கு உண்மையாய் இருக்கு. நீங்களே ஊதிப் பாத்தனீங்கள். இவளை மட்டும் சேருங்கோ. நான் கால்லை விழுறன்.”

“எனக்குத் தெரியும் அக்கா. ஆனால் ஊரை விலக்கினால் ஊரிலை இருக்கிற எல்லாரையும் விலக்கின மாதிரித்தான். ஒராளை மட்டும் சேர்க்க விதி இல்லை.” அவர் குரல் உடைந்தது. கோபமா கவலையா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

சிவலட்சுமி என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. “நான்தான் டொக்டர் சொல்லிக் குடுத்தனான்” என்றாள். பிறகு மெல்லச் சிரித்தாள். “முப்பத்தாறு பேருக்கு ஒரு எழுத்துப் பிசகாமல் பிடிபட்டிருக்கு. நான் ரீச்சரா வந்திருக்கலாம்.” டொக்டர் சிரிக்கவில்லை. பட்டணத்துக் கிளினிக்குக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, அங்கே தருகிற மண்ணிறப் பம்பை ஒருநாளும் விடவேண்டாம் என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் கிளினிக்குக்குப் போனாள். முதல் மாதம் போய் மண்ணிறப் பம்ப் வாங்கி வந்து ஒழுங்காய் அடித்தாள். அடுத்த தரம் போன பஸ் பாதி வழியில் பழுதாகி நின்றது. மூன்றாம் தரம் விதைப்பு. அதற்குப் பிறகு மாரி, ரோட்டுக்கு மேலால் வெள்ளம். மண்ணிறப் பம்ப் முடிந்து மார்கழியில் வெறுங்கூடு அலுமாரியில் கிடந்தது. நீலத்தை அவள் ஒரு நாளுக்கு எட்டு, பத்துத் தரம் அடிப்பது எனக்கு வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது. “பட்டணத்துக்கு நான் கூட்டிக்கொண்டு போறன், வா” என்று ஒருநாள் சொன்னேன். “அறுப்பு முடியட்டும் அக்கா” என்றாள். நான் திரும்பக் கேட்கவில்லை. அவளை நேரே பார்க்க எனக்கு வெட்கமாய் இருந்தது. அந்த வெட்கத்தில் ஒரு மாதத்தை வீணாக்கினேன்.

மாசியில் அறுவடை மெசின் வந்தது. அது எங்களுக்காகக் காத்து நிற்காது. பகல் பதினொரு மணிக்கு அவர்கள் வயலில் இறங்கியது. சாக்குப் பிடிக்க வரவேண்டிய ஆள் வரவில்லை. அவள் முகத்தில் சீலைத் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். என் வயல் அடுத்தது, நான் வரம்பில் நின்றேன். நாலாவது சாக்குக் கட்டும்போது குந்தி இருந்தாள். களைத்து இருக்கிறாள் என்று நினைத்தேன். பிறகு துண்டை இழுத்தெறிந்துவிட்டுப் பம்பை வாயில் வைத்து அடித்தாள், அடித்தாள், அடித்துக்கொண்டே இருந்தாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது உதடு நாவற்பழ நிறத்தில் இருந்தது.

ரக்டர் பெட்டியில் ஏற்றினோம். அவள் தலை என் மடியில். சீவரத்தினம் கால் இரண்டையும் பிடித்துக்கொண்டு, “இந்தா வந்திட்டுது, இந்தா வந்திட்டுது” என்று சொல்லிக்கொண்டு வந்தார். கிரவல் பாதை, ரக்டர் குதித்துக் குதித்துப் போனது. அவள் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பேச மூச்சு இருக்கவில்லை. பெரிய ரோட்டில் ஏறுவதற்கு முன்னம் அந்தப் பிடி விட்டுவிட்டது. நான் சீவரத்தினத்துக்குச் சொல்லவில்லை. ஆசுபத்திரி வரும்வரை அவள் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

வழியில் போன உயிர் என்றபடியால் திடீர் மரண விசாரணை அதிகாரி வரவேண்டும் என்றார்கள். பின்னேரம் மூன்று மணிக்கு வந்தார். ஆசுபத்திரி விறாந்தையில் மேசை போட்டு இருந்தார். ஊரில் பாதிப்பேர் அதற்குள் வந்துவிட்டார்கள். லோறன்ஸ் வந்திருந்தார், மாதர் சங்கப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். டிலக்சனா சுவரோடு சாய்ந்து இருந்தாள். சீவரத்தினம் கதைக்கிற நிலையில் இல்லை. செயலாளர் நீங்கள்தானே என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

பெயர், வயது, எத்தனை வருடமாய் வருத்தம், என்ன மருந்து எடுத்தவர் என்று ஒவ்வொன்றாய்க் கேட்டு எழுதினார். எல்லாம் சொன்னேன். பிறகு அவர் பேனையை நிறுத்தி, “மெசின் புழுதியாலை வந்திருக்கலாம் எண்டு சொல்லுறியள். ஊரிலை வேறை ஆருக்கும் ஆஸ்மா இருக்கோ?” என்று கேட்டார்.

நான் திரும்பிப் பார்த்தேன். நாற்பத்தொரு வீட்டில் இருந்து வந்தவர்கள் எனக்குப் பின்னால் நல்ல மூச்சு விட்டுக்கொண்டு நின்றார்கள்.

“இல்லை ஐயா” என்றேன். “இவளுக்கு மட்டும்தான் இருந்தது.”

அவர் அதை அப்படியே எழுதி, கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்.